ராவுத்தர் வீட்டு மாடிக் குழாய்

தண்ணீர் நன்றாக வரும் வீட்டில் குழாய் வேலைக்காரனை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் மட்டும் அவனுடைய மூன்று தலைமுறையையும் இழுப்பார்கள். வீட்டுக் கிணற்றை நம்பிக் குழாய் போட்டு, அது சொட்டுச் சொட்டாக அழுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட சகோதர சகோதரிகளுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் நோய் எனக்குத் தெரியும். மருந்தும் தெரியும். லம்பம் என்று சொல்கிற ஈயச் சுரங்கத்தில் மலையையே தண்ணீரால் அடித்துக் கரைத்த குழாய்களைப் பூட்டியவன் நான். ஒரு வீட்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவது எனக்கு எம்மாத்திரம்! அந்தத் திமிரோடுதான் பத்து காஜா ஊரில் துணிக்கடை ராவுத்தர் வீட்டுக்குள் கால் வைத்தேன்.

பெருவிரல் வாதம்

கீழே கடை, மேலே வீடு, பின்கட்டில் கிணறு. கைப் பம்பால் அடித்துத் தகரத் தொட்டியை நிரப்பினால் அங்கிருந்து கிணற்றடிக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று குழாய் போகிறது. ராவுத்தரின் மனைவி மரியம் ஏழு மாதக் கர்ப்பிணி. மாடிப்படியில் வாளி தூக்க முடியாது. குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் பிரசவம் இங்கே, வராவிட்டால் பாகான் செராயில் அம்மா வீட்டில் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாராம். மூத்த பிள்ளைக்கு அப்படிப் போனவர் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் திரும்பியிருக்கிறார். பிள்ளை ரயிலிலிருந்து நடந்து இறங்கி, வாப்பாவைப் பார்த்து யாரோ என்று வீறிட்டு அழுதிருக்கிறது. மாமியார் அழைத்துப் போக வரும் நாளுக்கு இரண்டே வாரம் இருந்தது.

குழாயைப் பார்த்தேன். தொட்டியிலிருந்து மாடி வரைக்கும் அரை அங்குலம், அதிலும் ஏழு முழங்கை மடிப்பு. ராவுத்தரே விரும்பிப் போட வைத்ததாம். குழாய் வாயைப் பெருவிரலால் அடைத்தால் தண்ணீர் பீச்சி அடிக்கிறதே, அதனால் குழாயே சின்னதாக இருந்தால் வேகம் கூடும் என்பது அவர் கணக்கு. கிணற்றடிக் குழாயில் ஒரு வாளியை விரல் வைத்து நிரப்பினேன், இன்னொன்றை விரல் வைக்காமல் நிரப்பினேன். அவரையே எண்ணச் சொன்னேன். விரல் வைத்த வாளி பாதி நிறைவதற்குள் அவருக்கு எண்ணிச் சலித்துவிட்டது. மனசில்லாமல் ஒத்துக்கொண்டார்.

"சரிலா தம்பி, ஒரு அங்குலமே போடு. ஆனா விரலு வெச்சா பாக்குறதுக்கு நல்லா இருந்துச்சு."

வீரையாவின் மூச்சு

பெரிய குழாய் போட்டும் மாடியில் பெரிய மாற்றமில்லை. உண்மையில் நான் முதலில் தொட்டியைத்தான் பார்த்திருக்க வேண்டும், ராவுத்தருடைய விரல் என்னைத் திசை திருப்பிவிட்டது. தொட்டி நின்ற செங்கல் தூண் மாடித் தரை உயரம்தான். தொட்டி நிறைந்திருந்தாலும் தண்ணீர் மட்டத்துக்கும் மாடிக் குழாயின் வாய்க்கும் இரண்டடிகூட இல்லை. பிறகு எங்கிருந்து வேகம் வரும்? தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அவ்வளவுதான் அதன் பலம். சிங்கல் என்கிற கெட்டி மரத்தில் பரண் கட்டித் தொட்டியைக் கூரைக்கு மேலே ஏற்றினேன். ஐந்து நாள் ஆனது. கிணற்றடிக் குழாயைத் திறந்தால் வாளி கையை விட்டுப் பறந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பம்பு அடிப்பவன் வீரையா. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், இப்போது கடையில் மூட்டை தூக்குகிறான். தொட்டி உயர்ந்ததும் பம்பின் கைப்பிடி அவனோடு சண்டைக்கு வந்தது. முன்பு பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தவன் இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பம்புக்குப் புதுத் தோல் மாற்றி, கைப்பிடியை நீளமாக்கிக் கொடுத்தேன். கொஞ்சம் இளகியது. ஆனாலும் என்னை மன்னித்த முகமாக இல்லை.

"அண்ணே, தண்ணிக்கு வேகம் வந்துருச்சு, எனக்கு மூச்சு போயிருச்சு."

ஒரு தட்டு

இனிமேல்தான் என் மானம் கப்பலேறிய கதை. மரியம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது நானே மாடி ஏறிக் குழாயைத் திறந்தேன். அருவி! மீசையைத் தடவிக்கொண்டு இறங்கினேன். அவர் திரும்பி வந்த அரை மணியில், தண்ணீர் பழையபடி நொண்டுகிறது என்று மேலிருந்து செய்தி வந்தது. மறுநாளும் அதே கதை. நான் போனால் ஓடுகிறது, இறங்கினால் முடங்குகிறது. ராவுத்தர் என்னைச் செப்பிடு வித்தைக்காரனைப் பார்ப்பது போலப் பார்க்க ஆரம்பித்தார். மாமியார் வர மூன்று நாள்தான் இருந்தது. பாவம், மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்நிய ஆண் முன்னால் மரியம் வர மாட்டார். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தோம். நான் கீழே நிற்பேன், அவர் மேலே குழாயைத் திறந்து பார்த்து, வேகமாக வந்தால் பலகைத் தரையில் இரண்டு தட்டு, மெதுவாக வந்தால் ஒரு தட்டு தட்ட வேண்டும். திறந்தார். ஒரு தட்டு. தொட்டியைப் பார்த்தேன், நிரம்பியிருந்தது. மறுபடி திறக்கச் சொன்னேன். ஒரு தட்டு. எனக்கு வியர்த்துவிட்டது. மாடிப்படியில் பாதி ஏறி, திரைச்சீலைக்கு வெளியே நின்று, எப்படித் திறக்கிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அப்போதுதான் வெளியே வந்தது. கிணற்றுத் தண்ணீரில் செம்மண் வருகிறதாம். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று கடை மல்துணியை நாலாய் மடித்துக் குழாய் வாயில் கட்டியிருக்கிறார். வேகமாகத் திறந்தால் துணி பறந்துவிடும் என்று லேசாகத்தான் திருகுவாராம். நான் வருகிறேன் என்றால் அழுக்குத் துணி கண்ணில் படக் கூடாதென்று அவிழ்த்து ஒளித்துவிடுவாராம். செம்மண் விழாமல் தொட்டியின் வாயிலேயே செப்புச் சல்லடை போட்டு, துணியையும் கட்டித் தருகிறேன், இங்கே கட்டாதீர்கள் என்றேன். அன்று சாயங்காலமே தரை இரண்டு முறை அதிர்ந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"வேகமா வருதான்னுதானே கேட்டீங்க அண்ணே, துணி கட்டியிருக்கான்னு கேக்கலியே."

மாமியார் மாடி ஏறினார்

சொன்ன நாளில் மாமியார் வந்தார். கூடவே அவருடைய இளைய மகள்கள் மூன்று பேர். மகளின் பெட்டியைக் கட்டச் சொல்லிக்கொண்டே மாடி ஏறியவரிடம், மரியம் குழாயைத் திறந்து காட்டியிருக்கிறார். பாகான் செராயில் அவர்கள் வீட்டில் வயல் வரப்பைத் தாண்டிப் போய்க் குடத்தில் மொண்டு வர வேண்டும். மேலே நெடுநேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. ராவுத்தர் கீழே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ரயில் நேரமும் போய்விட்டது. கடைசியில் மாமியார் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கி, புள்ளத்தாச்சியை அலைய விடுவானேன், நாங்களே இங்கே இருந்து பார்த்துக்கொள்கிறோம் என்றார். ராவுத்தர் என் கையைப் பிடித்து அழுத்தினார். கண் கலங்கியிருந்தது.

பிள்ளை பத்து காஜாவிலேயே பிறந்தது. அது தவழ ஆரம்பித்த பிறகு ஒருநாள் ராவுத்தர் ஆள் அனுப்பினார். குழாயில் ஏதோ கோளாறு என்று சாமான்களோடு ஓடினேன். மாடியில் அன்று வந்த மாமியாரும் மகள்களும் இன்னும் முறைவைத்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிறகு எதற்குக் கூப்பிட்டார் என்று எனக்குப் புரியவில்லை. ராவுத்தர் என்னைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய், மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் காதோரம் சொன்னார்.

"தம்பி, அந்தத் தண்ணி வேகத்தைக் கொஞ்சம் கொறைக்க முடியுமா?"

தண்ணீரை மாடிக்கு ஏற்றித் தருகிறேன் என்று இன்றைக்கும் யாரிடமும் சத்தியம் செய்வேன், ஆனால் அதன் பின்னால் ஏறுகிறவர்களை இறக்கித் தருவதாக மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை.