ஒரு நூலக அட்டையும் மூன்றாவது தட்டும்

1. அட்டையை மூட வந்தவர்

"அக்கா, என்ரை மகளின்ரை லைப்ரரிக் காட்டை நிப்பாட்டுங்கோ. இண்டைக்கே நிப்பாட்டுங்கோ."

சுவிஸில், பாசல் நகரத்தின் ஒரு கிளை நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். முதலில் நிலம் துடைத்தேன், பிறகு புத்தகம் அடுக்கினேன், கடைசியில் இரவல் மேசைக்கு வந்தேன். அத்தனை வருடத்தில் அவ்வளவு சத்தமாக அங்கே ஒருவரும் கதைத்ததில்லை. அதுவும் தமிழில். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கிழவர்கள் எல்லாரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள்.

வந்தவர் ரவி. ஒரு மருந்துக் கம்பனியின் கன்ரீனில் சமையல்காரர். கோயிலில் கண்டு பழக்கம். மனைவி வதனி முந்தின வருடம்தான் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். ஒரே பிள்ளை ஆரணி, பதினான்கு வயது. அந்த வயதுப் பிள்ளைகளின் அட்டையைப் பெற்றோர் கையெழுத்து வைத்துத்தான் திறக்கலாம். அதே கையெழுத்தில் மூடவும் செய்யலாம். மேசையில் இரண்டு நிமிட வேலை.

ஆனால் தாய் போன பிறகு, பள்ளி விட்டால் தகப்பன் வேலை முடிந்து வரும்வரை அந்தப் பிள்ளைக்கு இருந்த இடம் எங்கள் நூலகம் மட்டும்தான். சன்னலோரத்துக் கதிரை அவளுடையது என்று எல்லாருக்கும் தெரியும். அட்டை இல்லாமலும் உள்ளே வரலாம், யாரும் மறிக்கமாட்டார்கள். என்றாலும் தகப்பன் வந்து சத்தம் போட்டு அட்டையை மூடிய இடத்துக்கு எந்தப் பிள்ளை திரும்பி வரும்?

"என்ன தம்பி நடந்தது?" என்று கேட்டேன்.

"நீங்கள் குடுத்த புத்தகம்தான் நடந்தது!" என்றார்.

2. அந்தப் புத்தகம்

எந்தப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை. அந்த வருடம் எங்கள் நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு புத்தகம்தான் என்று சொன்னாலும் பிழையில்லை. மற்றவையெல்லாம் தூசி பிடிக்க வைத்திருந்தவை.

கனடாவின் பூர்வகுடிப் பெண் ஒருவர் இளையோருக்காக எழுதிய மாயக்கதை, ஜெர்மன் மொழிபெயர்ப்பில் வந்திருந்தது. ஒரு சிறுமியின் தாய் இறந்துபோகிறாள். அவர்கள் குடும்பத்தில் இறந்தவர்கள் ஏரிக்கு அடியில் ஓர் ஊரில் வாழ்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் அவர்களுக்கும் ஒரு தட்டு வைத்து, பக்கத்தில் இருந்து அன்றைய கதையைச் சொன்னால், ஏரியிலிருந்து எழுந்து வந்து கேட்பார்கள். சிறுமி தாயைத் திருப்பிக் கூட்டிவர ஏரிக்குள் இறங்குகிறாள்.

வந்த புதிதில் அது அடுக்கில் சும்மா கிடந்தது. பிறகு எங்கேயோ ஒரு பெண்பிள்ளை அதை வாசித்து அழுததைத் தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் போட்டாளாம். அவ்வளவுதான், முன்பதிவு வரிசை வாசலைத் தாண்டியது. கதையில் ஆளை இழந்தவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டுவார்கள். செத்தவீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காத பிள்ளைகளெல்லாம் மஞ்சள் நூலோடு திரிந்தார்கள். ஒருத்தி என் மணிக்கட்டில் கோயில் நூலைக் கண்டுவிட்டாள்.

"ஃப்ரௌ சிவா, நீங்களுமா? யாருக்காக?"

என் முழுப்பெயரைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் மூச்சுக் காணாது என்பதால் நான் ஃப்ரௌ சிவா, அதாவது திருமதி சிவா. சனிப்பெயர்ச்சிக்குக் கட்டிய நூல் அது. "சனிக்காக" என்றேன். அவள் நெஞ்சில் கையை வைத்து, என் ஆழ்ந்த அனுதாபங்கள் என்றாள்.

எங்கள் மேலாளர் ஃப்ரௌ கெல்லர் நல்ல மனுசி. மனச்சாட்சி மட்டும் கொஞ்சம் கூடுதல். செவ்விந்தியரைக் குறிக்கும் 'இண்டியானர்' என்ற பழைய சொல்லை இனி யாரும் வாயில் எடுக்கக்கூடாது, பூர்வகுடி என்று பொருள்படும் 'இண்டிகேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். சொல்லி முடித்த கையோடு என்னைத் தனியே அழைத்தார்.

"ஃப்ரௌ சிவா, நீங்களும் ஒருவகையில் இண்டிகேன்தானே. வாசகர் வட்டத்தில் இழப்பைப் பற்றி நீங்கள் நாலு வார்த்தை பேசினால் என்ன?"

"ஃப்ரௌ கெல்லர், இந்த நாட்டு வதிவிடப் பெர்மிட்டில் நான் முதலில் 'என்' எழுத்து, பிறகு 'எஃப்', பிறகு 'பி', இப்போது 'சி'. இண்டிகேன் என்று ஒரு பெர்மிட்டை எனக்கு ஒருவரும் தரவில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சிவந்தார். நான் கதிரை அடுக்கிப் பிஸ்கற் வைப்பதோடு விட்டுவிட்டார்.

வாசகர் வட்டத்தில் அன்று ஒரு வங்கி அதிகாரி அம்மா அந்தச் சிறுமியின் தாய்க்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதார். கண் துடைக்கும் ரிஷூப் பெட்டி கை மாறிக் கை மாறிப் போனது. எனக்குப் பொறுமை இல்லை. நாங்களும் அழுகிற சனம்தான், ஆனால் விலாசம் உள்ள சாவுக்குத்தான் அழுவோம். அந்த வட்டத்தில் அழாமல் இருந்தவர்கள் இரண்டு பேர், நானும் ஆரணியும். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தாயின்ட தட்டில என்ன சாப்பாடு வைச்சவை எண்டு புத்தகத்தில இல்லை. ஏன்?"

இதை அவள் ஜெர்மனில்தான் கேட்டாள். ஆனால் என் காதில் தமிழில்தான் விழுந்தது.

3. பாஸ்டா

"மூண்டு கோப்பை வைக்கிறாள் அக்கா" என்றார் ரவி. எங்கள் பக்கத்தில் சோற்றுத் தட்டைக் கோப்பை என்றுதான் சொல்வோம்; இங்கே ஜெர்மன் மொழிக்குப் பேர் டொய்ச். "எனக்கு ஒண்டு, தனக்கு ஒண்டு, தாய்க்கு ஒண்டு. பிறகு அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில இருந்து கதைக்கிறாள். டொய்ச்சில கதைக்கிறாள். தாய்க்கு டொய்ச்சே வராது!"

"சின்னப்பிள்ளை தம்பி."

"பாஸ்டா போட்டு வைக்கிறாள் அக்கா. வேற ஒண்டும் சமைக்கத் தெரியாது அவளுக்கு. வதனி ஒருநாளும் பாஸ்டா தொட்டவளில்லை."

அதைச் சொன்னபோதுதான் அவருடைய குரல் உடைந்தது. அதுவரை கோபம் என்று நான் நினைத்தது கோபம் இல்லை.

"அவள் படுத்தாப்பிறகு நான்தான் எடுத்துக் குப்பையில கொட்டுறன். நாளுக்கொரு செத்தவீடு நடத்துற மாதிரிக் கிடக்கு. என்னால ஏலாது. செவ்விந்தியற்றை பழக்கமெல்லாம் எங்கட வீட்டுக்கு என்னத்துக்கு?"

ஃப்ரௌ கெல்லர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாதது அந்த நேரம் பெரிய உதவி. விசயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். தகப்பனுக்கு உரிமை இருக்கிறது, மூடுங்கள் என்றார். கணினியில் தட்டினேன். சிவப்பு எழுத்தில் வந்தது: இரவல் புத்தகம் வெளியில் இருக்கும்வரை அட்டையை மூட முடியாது. ஃப்ரௌ கெல்லர் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, அப்படியானால் முதலில் புத்தகம் வரட்டும், விதி விதிதான் என்று போய்விட்டார். அந்த ஊரின் விதிகளை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். அன்று ஒன்றுக்காவது கும்பிடு போடலாம் போலிருந்தது.

"அவள் புத்தகத்தைத் தரமாட்டன் எண்டு நிக்கிறாள்" என்றார் ரவி.

"தம்பி, வதனியின்ர எட்டாம் நாள் சடங்குக்கு வீட்டில சாப்பாடு படைச்சனீங்களோ?"

"எங்கை அக்கா. எல்லாம் மண்டபத்திலதானே. ஐயர் வந்தார், சாப்பாடு ஓடர் குடுத்தது வந்துது, சனம் வந்துது, முடிஞ்சுது. படத்தையும் அலமாரிக்குள்ள வைச்சிட்டன். பாக்க ஏலாமக் கிடந்துது."

"அப்ப பிள்ளை செய்யிறது ஆரின்ரை பழக்கம்? செவ்விந்தியற்றையோ, எங்கடையோ? வெண்ணெயைக் கையில வைச்சுக்கொண்டு நெய்க்கு அலைஞ்ச கதையாக் கிடக்கு. நாங்கள் காட்டிக் குடுக்கேல்லை. அவள் கனடாவரைக்கும் போய்க் கண்டுபிடிச்சு வந்திருக்கிறாள்."

நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாசகர் வட்டத்தில் வாயை மூடிக்கொண்டு பிஸ்கற் வைத்த ஆத்திரம் எனக்குள் மிச்சம் இருந்தது.

"இன்னொண்டு. அந்தப் புத்தகத்தில பிழை கிடக்கு. படைச்சாப் பக்கத்தில குந்தியிருக்கக் கூடாது. கதவைச் சாத்திப்போட்டு வெளியில நிக்கவேணும். வாய் பாத்துக்கொண்டிருந்தா அதுகளுக்கு என்னெண்டு சாப்பாடு இறங்கும்? பாஸ்டாவும் வேண்டாம். நீங்கள் சமையல்காரன்தானே? அவவுக்குப் பிடிச்சதைச் சமையுங்கோ."

"அவள் போனாப்பிறகு நான் வீட்டில அடுப்பு மூட்டேல்லை அக்கா. கன்ரீனில மிஞ்சிறதைத்தான் கொண்டு போறனான்."

நன்றி கூடச் சொல்லாமல் போய்விட்டார். இந்த நாட்டில் எதற்கும் ஒரு டிப்ளோம் வேண்டும், ஆலோசனை சொல்வதற்கும் வேண்டும். என்னிடம் அது இல்லாததால் முக்கியமான ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

4. கதவு

அடுத்த சனிக்கிழமை தகப்பனும் மகளும் சேர்ந்து வந்தார்கள். ஆரணி புத்தகத்தை மேசையில் வைத்தாள். திறக்காமலே அதில் நண்டுக்கறி மணத்தது.

"மன்னிக்கோணும் அக்கா" என்றார் ரவி. "சமைக்கேக்க குசினியில கிடந்திட்டுது."

"நண்டோ?"

"ஓம். அவவுக்கு நண்டெண்டா உயிர்."

நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். நான் சொன்னபடியே செய்திருக்கிறார்கள். புட்டும் நண்டுக்கறியும் வைத்து, படத்தை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, விளக்கேற்றி, மூன்று தட்டும் போட்டுவிட்டு, வெளியே வந்து வாசல் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஊரில் கதவைச் சாத்தினால் தள்ளித் திறக்கலாம். பாசல் அடுக்குமாடியில் வெளிப்பக்கம் வெறும் குமிழ்தான், திருகினாலும் திறக்காது. சாவி உள்ளே. கைத்தொலைபேசி இரண்டும் உள்ளே. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆப்வார்ட்டிடம் மாற்றுச் சாவி உண்டு. அவர் சீட்டு விளையாடப் போயிருந்தார்.

"எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"படியில இருந்தம்" என்றாள் ஆரணி. "முதல்ல அப்பா உங்களைத்தான் ஏசினவர்."

"சரிதான். பிறகு?"

"பிறகு கதவு நிலையில நிறையக் குழி இருக்கிறதைக் கண்டன். இது என்ன எண்டு கேட்டன்."

ரவி தலையைக் குனிந்துகொண்டார். "அது அவவின்ர வேலை அக்கா. நண்டுக்காலைக் கதவிடுக்கில வைச்சுச் சாத்தித்தான் உடைப்பா. எத்தனை தரம் சொல்லியும் கேக்கேல்லை. பழைய ஆப்வார்ட் குழியைக் காட்டிக் காட்டிக் கேட்டவர், தெரியாது தெரியாது எண்டு நானும் சொல்லிக்கொண்டிருந்தன்."

அதிலிருந்து தொடங்கியிருக்கிறது. நண்டுக்காலில் தொடங்கி, வதனி ட்ராமில் ஏறும்போதெல்லாம் சாரதிக்கு வணக்கம் வைத்தது, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பார்த்துச் சிரித்தது, கடைசிக் கிழமையில் என்ன சொன்னாள் என்பதுவரை. அவள் இறந்த பிறகு அந்த வீட்டுக்குள் ஒருநாளும் கதைக்காததை, வீட்டுக்கு வெளியே, மாடிப்படியில் இருந்து கதைத்திருக்கிறார்கள். மாடிப்படியில் சத்தம் போடக்கூடாது என்பது வீட்டு விதி என்பதால் எல்லாவற்றையும் குசுகுசுத்தே சொல்லியிருக்கிறார்கள். அழுததும் குசுகுசுத்துத்தானாம்.

கடைசியில் ஆப்வார்ட் வந்தார். அவர் புதிதாக வேலைக்கு வந்தவர், வதனியை அறியாதவர். கதவுக்கு அடியில் வெளிச்சத்தைப் பார்த்தார், மணத்தை மோந்தார்.

"உள்ளே யாரும் இருக்கிறார்களா?" என்று கேட்டாராம்.

"அம்மா இருக்கிறா" என்று ஆரணி சொல்லிவிட்டாள். வாயில் வந்துவிட்டது என்றாள் என்னிடம்.

"அம்மா இருந்தால் ஏன் கதவைத் திறக்கவில்லை?"

"அப்பாதான் பதில் சொன்னவர்" என்றாள் ஆரணி. "ஸீ இஸ்ட் எண்டு சொன்னவர்."

தமிழ் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜெர்மனில் 'ஸீ இஸ்ட்' என்றால் 'அவ சாப்பிடுறா'. ரவி சொன்னது அதைத்தான். ஆனால் எழுத்தில் ஒரு எஸ்தான் வித்தியாசம், காதுக்கு ஒரே சத்தம், 'ஸீ இஸ்ட்' என்றால் 'அவ இருக்கிறா' என்றும் ஆகும். அப்படித் தொடங்கினால் ஜெர்மன் பேசுகிறவர்கள் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். அவள் இருக்கிறாள் என்றால் எப்படி இருக்கிறாள், களைப்பாகவா, சுகமில்லாமலா, ஏதாவது ஒன்று வர வேண்டும். ரவியின் டொய்ச் அரைகுறை என்று நினைத்து ஆப்வார்ட்டும் மாற்றுச் சாவியைக் கையில் பிடித்தபடி பொறுமையாக நின்றிருக்கிறார்.

"என்னவாக இருக்கிறார்?" என்று பிறகு கேட்டாராம்.

"நான் சொன்னன், வேற ஒண்டும் இல்லை எண்டு" என்றாள் ஆரணி. "ஸீ இஸ்ட். அவ்வளவுதான் எண்டு சொன்னன்."

நான் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்தேன். அடுத்த வாசகருக்கு அந்தப் புத்தகத்தைப் பதிய வேண்டியிருந்தது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வாசகர் வட்டத்தில் மிஞ்சிய ரிஷூப் பெட்டி மேசைக்குக் கீழே கிடந்தது. அன்று அதை நான்தான் முடித்தேன்.

"காட்டை நிப்பாட்டட்டோ தம்பி? புத்தகம் வந்திட்டுது."

"எந்தக் காட்?" என்றார் ரவி. பிறகு கழுத்தைச் சொறிந்துகொண்டு, "உந்தப் புத்தகத்தின்ர ரெண்டாம் பாகம் வருதாமே. இவளின்ர பேரை இப்பவே போட்டு வையுங்கோ" என்றார்.

அந்தப் பிரதியை அடுத்து எடுத்தவர் அந்த வங்கி அதிகாரி அம்மா. இரண்டாம் தரம் வாசிக்கிறாராம். பிரித்து மோந்து பார்த்துவிட்டு, ஏரியின் மணம் வருகிறது என்று ஃப்ரௌ கெல்லரிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை.

5. பாடம்

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், வாசகர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்பார்கள். எதையும் முழுதாகச் சொல்லாதீர்கள் என்பேன். அன்று நான் பொறுப்பாக, "தம்பி, வெளியில வரேக்க சாவியை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஐந்து நிமிடத்தில் கதவைத் திறந்து, உள்ளே போய், ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்து நண்டைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் சனம் என்னிடம் இப்படியான விசயங்களைக் கேட்டு வரும். பிடித்ததைச் சமையுங்கோ என்கிறேன், படையுங்கோ என்கிறேன், கதவைச் சாத்திப்போட்டு வெளியில நில்லுங்கோ என்கிறேன். சாவியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.