ஆல்வினின் மணியும் மாமியாரின் தட்டும்

எங்கள் தெருவில் ஆல்வின் அண்ணன் வீட்டில் ஆறு எவர்சில்வர் தட்டுகள் இருக்கின்றன. ஆறிலும் நடுவில் ஒரே வாசகம்: ‘மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி, முதல் பரிசு, மேரி.’

மேரி அவருடைய மாமியார். திருப்போரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பொங்கலுக்கு நடக்கும் இந்தப் போட்டியில் கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு. காலை ஊன்றினால் அவுட். ஆறு வருடமாக மேரிதான் கடைசி. வென்ற தட்டுகளை மகள் ஜாய்ஸிடம் கொடுத்துவிடுவார். ஆகவே ஆல்வின் மூன்று வேளையும் மாமியார் பெயரின் மேல்தான் சாப்பிட்டாக வேண்டும். தன் பெயர் போட்ட ஒரே ஒரு தட்டு வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆல்வின் கேளம்பாக்கம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் மெக்கானிக். “லிஃப்ட்டுல ஒரு வயராவது கண்ணுக்குத் தெரியுதா?” என்று பெருமையாகக் கேட்பார். ஊர் மாறிப் போன ஒரு ஐ.டி. குடும்பம் தங்கள் ரேஸ் சைக்கிளை அவரிடம் விட்டுப் போனது. அதில் பட்டனைத் தொட்டால் போதும், குட்டி மோட்டார் ஒன்று ‘ஜிய்ங்’ என்று செயினைத் தள்ளி கியரை மாற்றும். லேசான கியரில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும். இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் போட்டி நோட்டீஸில் ‘கியர் வண்டிக்கு அனுமதி இல்லை’ என்று இருந்தது.

மார்கழியின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதிலேயே போயின. பேட்டரி சீட்டுக் குழாய்க்குள் போனது, வயர்கள் ஃப்ரேமுக்குள் போயின. வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றி நேரானதைப் பூட்டினார். மட்கார்டும் கேரியரும் செயின் கவரும் வந்தன. பின்சக்கரத்து மோட்டாரை மறைக்க கேரியரிலிருந்து ஒரு மஞ்சப்பையைத் தொங்கவிட்டார். கியரைக் குறைக்கும் பட்டன் கைப்பிடி ரப்பருக்குள் ஒளிந்தது. கூட்டும் பட்டனை மணிக்குள் வைத்தார். மணி அடித்தால் கியர் ஏறும், ‘ஜிய்ங்’ சத்தமும் ‘கிணிங்’கில் அமுங்கிவிடும்.

“மெதுவா போற போட்டிக்கு அது எதுக்குங்க?” என்றாள் ஜாய்ஸ்.

“தட்டு வாங்கிகினு வூட்டுக்கு வேகமா வர வேணாமா?”

போட்டியன்று நடுவர் தேசப்பன், ஊதல் அவர் கையில். கிராமமே ஓரத்தில் நின்றது. பாதி தூரத்துக்குள் மற்றவர்கள் எல்லாம் காலை ஊன்றிவிட்டார்கள். மிச்சம் மாமியாரும் மருமகனும். ஆல்வின் கால்கள் விடாமல் சுற்றின, வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மேரி ஒரு முழம் முன்னால் போய்விட்டார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் பின்னால் ஒருவர்.

“இன்னா மாப்ள, காலு தையல் மிஷின் மாதிரி ஓடுது, வண்டி மட்டும் அங்கியே கீது?”

“பிராக்டீஸ் அத்த, பிராக்டீஸ்!”

அப்போது தெருக்கோடி வீட்டு சம்பூர்ணத்தின் கோழி குறுக்கே வந்தது. வண்டிமுன் எது வந்தாலும் மணியடிப்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். பிரேக்கெல்லாம் அப்புறம்தான். ஆல்வினின் கட்டைவிரல் தானாகப் போனது.

கிணிங்.

கியர் ஒன்று ஏறியது. மிரண்ட கோழி ஒதுங்காமல் அவருடைய கோட்டிலேயே நேராக ஓடியது. கிணிங். இன்னொன்று ஏறியது. கிணிங், கிணிங், கிணிங். மாமியாரைத் தாண்டினார். மஞ்சப்பை எங்கோ பறந்தது. எல்லைக் கோட்டைக் கோழி முதலில் தாண்டியது, ஆல்வின் இரண்டாவதாகத் தாண்டி வைக்கோல் போருக்குள் போய் நின்றார்.

தேசப்பன் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். “இன்னாடா ஆல்வினு, மோட்டார் வெச்சிகினு கீற?”

மேரி அவசரமே இல்லாமல் வந்து சேர்ந்தார். “வுடு தேசப்பா. கோழி தொரத்துறதுக்கு பாவம் எவ்ளோ செலவு பண்ணிகீறாரு.”

அன்று மதியம் ஏழாவது தட்டில் ஜாய்ஸ் பரிமாறினாள்.

“மொதல்ல நடுவுல போடு,” என்றார் ஆல்வின். பெயர் மறையும் வரை சோறு விழுந்தது. வயர் மறைக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலையா? ஆனால் பசி அதிகம். நாலு கவளத்தில் ‘மே’ தெரிந்தது. அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே ஜாய்ஸைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் சோறு போடு.”