ஹார்டு டிஸ்க் வாங்கிவிட்டேன்

இன்று பாறசாலைக் கடையில் ஹார்டு டிஸ்க் வாங்கப் போனேன்.

கேம் விளையாடும் கம்ப்யூட்டரை மொத்தமாக வாங்க என் பென்ஷன் போதாது. மாதம் ஒரு பாகமாகச் சேர்க்கலாம் என்று பேரன் விஷ்ணுவிடம் சொன்னது நான்தான். அதை மாட்டவாவது பாலராமபுரத்திலிருந்து வருவானே.

கடை போனிலிருந்து அவனைக் கூப்பிட்டு, "எப்ப வாறே மக்கா?" என்றேன்.

"இனி ஒண்ணும் வாங்காண்டாம் பாட்டி. அப்பா புது கம்ப்யூட்டரே வாங்கித் தந்தாச்சு. பயங்கர ஸ்பீடாக்கும்!"

"நல்லதாக்கும் மக்கா." போனை வைத்தேன்.

"அப்போ இது வேண்டாமா அம்மா?" என்றார் கடைக்காரர்.

"பொதிஞ்சு தாரும்."

பாதி மாட்டிய பெட்டி என் மேசையில் திறந்தே கிடக்கிறது. என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இதை மாட்டத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நேரில் வந்தால் சாயா உண்டு. அவசரமாக மாட்டி முடிக்க வேண்டாம்.