எங்க ஏலாது, உம்மா?

தாதியர் பயிற்சியில் நான் ஒரு நோயாளியைக் கொன்றிருக்கிறேன். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களுக்காக நோயாளியாக நடிக்கும் தையல்கார உம்மா அவர். செத்த பிறகு எழும்பியிருந்து பிளேன்ரீ குடித்தார். எனக்குக் கிடைத்த புள்ளிதான் முட்டை.

திருகோணமலையில் நாங்கள் படித்த இடத்தில் ஓர் அறையை அசல் வார்ட்டாகவே மாற்றியிருந்தார்கள். கட்டில், மொனிட்டர், சேலைன் கம்பி எல்லாம் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஆசிரியை மொனிட்டரின் எண்களை மாற்றுவார். உம்மாவின் முகத்தில் பவுடர் அப்பி, வியர்வைக்கு நெற்றியில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். அன்று அவர் வயிற்றில் ஒப்பரேசன் செய்தவர். எழுப்பி நடக்கவைப்பது என் வேலை.

"எழும்புங்கோ உம்மா."

"ஏலாது மகள்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எங்கள் வீட்டில் அந்தச் சொல், கோப்பை கழுவச் சொன்னால் தங்கச்சியின் வாயில் வருவது.

"எல்லாத்துக்கும் ஏலாது ஏலாது எண்டா எப்பிடி? எழும்புங்கோ பாப்பம்!"

கையைப் பிடித்துத் தூக்கினேன். உம்மா அப்படியே சரிந்தார். மொனிட்டர் வீரிட்டது. நோயாளிக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். நான் பிரஷர்கூடப் பார்க்கவில்லை.

ஆசிரியை வெளியே வந்தார். "அவ மாட்டன் எண்டு சொன்னவவோ? ஏலாது எண்டுதானே சொன்னவ. உடம்புக்கு வருத்தம் கூடினாலும் எங்கட சனம் அதைத்தானே சொல்லும்?"

காய்ச்சல் வந்தால் நானே அப்படித்தான் சொல்வேன்.

இன்னும் ஒரேயொரு தடவை தருவார்கள். அதிலும் கோட்டை விட்டால் கீழ் வகுப்பில் இறக்கிவிடுவார்கள். கீழ் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தது யார்? என் தங்கச்சி! இதைவிட மானக்கேடு வேறு என்ன இருக்கிறது?

"அக்கா, என்ர பக்கத்தில நீ இருக்கக் கதிரை பிடிச்சு வைக்கட்டோ?" அந்தக் கிழமை முழுக்க இதே நக்கல். தலையணையைத் தூக்கி எறிந்தேன். குனிந்து தப்பிவிட்டாள், கள்ளி.

சோதனை நாளில் அதே உம்மா, அதே கட்டில். இந்த முறை கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. சிவப்புச் சாயத் தண்ணீர்தான். விழுங்கக் குளிசை கொடுக்கும்படி துண்டில் எழுதியிருந்தது.

"உம்மா, இந்தக் குளிசையைப் போடுங்கோ."

"ஏலாது மகள்."

கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். குளிசையை வைத்துவிட்டுக் கட்டிலோரம் குனிந்தேன்.

"எங்க ஏலாது, உம்மா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்து, முதுகின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "நாரி உளையுது மகள். குளிருது. அரை மணித்தியாலமா இப்பிடித்தான்."

நாரி உளைவு, குளிர், ஏறிக்கொண்டிருக்கும் இரத்தம். அட கடவுளே, இரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை! ஒரே பாய்ச்சலில் இரத்தக் குழாயை மூடினேன். "டொக்டரைக் கூப்பிடுங்கோ!" என்று கத்தினேன். புதுக் குழாயில் சேலைன் போட்டேன், நாடி, பிரஷர், காய்ச்சல் பார்த்தேன். இரத்தப் பையை எறியாமல் பரிசோதனைக்காகப் பத்திரமாக எடுத்து வைத்தேன். ஒன்றையும் விடவில்லை. மொனிட்டரின் எண்கள் மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தன.

ஆசிரியை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓடியே வந்தார். "பாஸ்! இந்த வகுப்பில இரத்தத்தை நிறுத்தின முதல் ஆள் நீர்தான். மற்ற எல்லாரும் குளிசையைப் பருக்கப் பாத்தவை."

துள்ளிக் குதித்தேன். உம்மா கட்டிலில் எழும்பியிருந்து, பவுடர் முகத்தோடு கைதட்டினார். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது.

வெளியே தங்கச்சி நின்றாள். வகுப்புக்குப் போயிருக்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"பாஸடி!"

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. பிறகு என் தோளில் முகத்தை வைத்து விக்கி விக்கி அழத் தொடங்கிவிட்டாள்.

"கதிரை பிடிச்சு வைக்கிறன் எண்டு சொன்னனி, இப்ப ஏனடி அழுறாய்?"

"நீயும் என்னோட வந்து இருந்தா, விளங்காததை நான் ஆரிட்டயக்கா போய்க் கேக்கிறது?"

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவளுக்குக் காட்டுவேனா? "போடி வகுப்புக்கு!" என்று சத்தம் போட்டேன்.