சுத்தியல் அண்ணி சாக மறுத்த வாரம்

பூட்டுக்கடை அண்ணி இதுவரை வார இதழில் பதினேழு கதைகளில் வந்திருக்கிறார். பதினேழிலும் அவர் கையில் சுத்தியல். அவற்றை எழுதியவர் அவருடைய கணவரின் தம்பி. குடும்பப் பாசம் மிகுந்தவர் என்பதால், அண்ணியின் கடை, மூக்குக்கண்ணாடி, உச்சுக்கொட்டும் பழக்கம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார். திறமையை எடுக்க மட்டும் பக்கம் போதவில்லை. கதையில் வரும் 'சுத்தியல் அண்ணி' எந்தப் பூட்டையும் ஒரே போடாகப் போட்டு உடைத்துவிட்டு, கதவையும் கழற்றிக் கையில் கொடுப்பார். வாசகர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நிஜ அண்ணி இருபத்திரண்டு வருடத் தொழிலில் சுத்தியலைத் தொட்டதில்லை. பல் வெட்டாத சாவியைப் பூட்டுக்குள் விட்டு, மெல்லத் திருகி, அதில் விழும் கீறலைப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார். மறுபடி விடுவார், மறுபடி ராவுவார். பூட்டு தானாக வழிக்கு வரும். இதில் தமாஷ் ஒன்றும் இல்லாததால் இலக்கியத்தில் இடம் கிடைக்கவில்லை.

ஆனால் வாடிக்கையாளர்கள் இலக்கியம் படித்தவர்கள்.

"அக்கா, பீரோ புதுசு. உடைச்சிட மாட்டீங்களே?" என்று ஒரு பெண்மணி வாசலோடு கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். இன்னொருவர் சுத்தியலோடு அண்ணியைப் படம் எடுக்க ஆசைப்பட்டார். வேலையெல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போயிற்று.

இந்த நிலையில்தான் எழுத்தாளர் தன் இரும்பு மேசையின் சாவியைத் தொலைத்தார். இழுப்பறைக்குள் அந்த வாரக் கதை. நகல் கிடையாது, கணினியைத் தொட்டால் கற்பனை வற்றிவிடும் என்பது அவர் கொள்கை. வேறு வழியில்லாமல் அண்ணியைக் கூப்பிட்டார்.

பத்தே நிமிடம். இழுப்பறை திறந்தது. மேல்தாளில் தலைப்பு: 'சுத்தியல் அண்ணியின் கடைசிப் பூட்டு'. அண்ணி நின்றபடியே முழுவதையும் படித்தார்.

"தம்பி, நான் செத்துட்டேனா?"

"ஐயோ அண்ணி, கதையிலதானே! எவ்வளவு உருக்கமா போயிருக்கீங்க, பாருங்க."

"சுத்தியல் கால்ல விழுந்து சாகறது உருக்கமா? உடைக்கிறவள்னு எழுதினீங்க, பாதிப் பேர் வரல. செத்துட்டாள்னு எழுதினா மீதிப் பேர் துக்கம் விசாரிக்கத்தான் வருவாங்க. அப்புறம் கடையை நான் எதுக்குத் திறக்கணும்?"

தாள்களை உள்ளே வைத்தார். இழுப்பறையைத் தள்ளினார். புதுச் சாவியால் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அண்ணி! நாலு மணிக்குள்ள அச்சுக்குப் போகணும்!"

"அதனால என்ன? சுத்தியல் எடுங்க. ஒரே போடு."

எழுத்தாளர் நிஜமாகவே எடுத்தார். மூன்று அடி. மேசை நெளிந்தது, கட்டைவிரல் வீங்கியது, பூட்டு அசையவில்லை.

"அது நான் மாட்டின பூட்டு தம்பி. ஞாபகத்துலேர்ந்து திருப்பி எழுதி என்னைச் சாகடிக்கலாம்னு பாக்காதீங்க. உங்க வாசல் பூட்டும் நான் மாட்டினதுதான்."

வீங்கிய விரலோடு எழுத்தாளர் புதுக்கதை எழுதினார். அதில் அண்ணி சாகவில்லை. சுத்தியல் இல்லாமல், ஒரு அரத்தை வைத்துக்கொண்டு, பத்தே நிமிடத்தில் இழுப்பறையைத் திறந்தார்.

மறுவாரம் இதழுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார்: 'கொஞ்சமும் நம்பும்படியாக இல்லை.'

அண்ணி அதைக் கத்தரித்துக் கடை வாசலில் ஒட்டினார். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்:

'நம்பாதவர்கள் பூட்டோடு வரவும்.'