நேரில் போய்க் கோர்ட்டுக்கு அழைத்தோம்

ரெஜியின் முதல் ஹியரிங் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. "இவருக்கு ஊரில் ஆதரவு இருப்பதாகத் தெரியவில்லை" என்றார் அரசு வக்கீல். பின்பெஞ்சில் ரெஜியின் அம்மாவும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அந்தக் குடும்பத்தால் கட்டவே முடியாத பெயில் தொகையை நீதிபதி சொன்னார். ரெஜியை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.

கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரக் கறுப்பினக் குடும்பங்களுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் ஒரு மையத்தில் வேலை பார்க்கிறேன். வக்கீல்களும் பெரும்பாலும் அதே சமூகத்தவர்கள்தான். என் வீடு பிளசன்டனில். கோர்ட் எனக்குப் பக்கம், ஓக்லண்ட்காரர்களுக்குத் தூரம். ரயிலில் வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து காரில் ஏற்றிவந்து, கோர்ட்டில் கூடவே உட்காருவது என் வேலை. நான் கோபிச்செட்டிப்பாளையத்தில் ப்ளஸ் டூவோடு நின்றவள். புது ஆட்களிடம் பேச எனக்கு வராது. பேசாமல் பக்கத்தில் இருக்கும் வேலை என்பதால்தான் சேர்ந்தேன்.

ரெஜி ஒரு பள்ளிக்கூட கிச்சனில் சமையல்காரர். ஒரு கடையை உடைத்ததாக வழக்கு. அன்று அந்தப் பக்கமே போகவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீல் டெனிஸ் காரில் வரும்போது சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "அடுத்த வாரம் பெயில் ரிவ்யூ இருக்கு, ஜட்ஜ் மறுபடி பாப்பார். அதுலயும் விடலைன்னா, அரசுத் தரப்புல குத்தத்த ஒத்துக்கோ, சீக்கிரமா வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லுவாங்க. அம்மா தனியா இருக்காங்கன்னு அவரும் ஒத்துக்குவார். செய்யாத குத்தம் காலம்பூரா பேரோட ஒட்டிக்கும்."

அன்று பெஞ்சு நிறைய ஆள் வேண்டும் என்று, ரெஜி குடும்பத்தின் சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் டெனிஸ் மெசேஜ் போட்டார். கட்டைவிரல் படங்களாக வந்து விழுந்தன. அவர் நிம்மதியானார், எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் பத்திரிகை அனுப்பினால், "நேர்ல வந்து கூப்பிடலையே" என்று வராமல் இருந்துவிடுவார்கள். வீட்டுக்கே போய் அழைத்துவிட்டால் முகத்துக்காகவாவது வந்து நிற்பார்கள். இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நல்ல ஐடியா. போங்க," என்றார் டெனிஸ்.

"நானா?"

"பின்ன? சொன்னது நீங்கதானே?"

வீட்டில் கணவருக்கு ஒரே சிரிப்பு. "கோர்ட்டுக்கா பத்திரிகை வெக்கப் போற? வெத்தல பாக்குத் தட்டம் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்தாச்சுங்க. தூக்கிட்டு வர ஆள்தான் இல்ல. நீங்க வாங்க."

"எனக்கு வேலை கெடக்குதும்மா," என்று லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ரெஜியின் அம்மா எர்லீனோடு கிளம்பினேன். முதல் இரண்டு வீடுகளில் அவரே பேசினார். மூன்றாவது, ரெஜியின் கிச்சன் மேனேஜர் பாமின் வீடு. அங்கே மகன் பெயரைச் சொன்னதும் எர்லீனுக்கு அழுகை வந்துவிட்டது. பாம் என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாள் பூரா ஆகலாங்க," என்றேன். "உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அவ்வளவு நேரம் உக்காந்தும் ஜட்ஜ் முடியாதுன்னு சொன்னாலும் சொல்லுவார்."

எர்லீன் முழங்கையால் என்னை இடித்தார். பாம் சற்று யோசித்தார். "அப்படின்னா முழுசா லீவு போட்டுடறேன்."

இன்னொரு வீட்டில் ரெஜியின் சினேகிதர் கதவைப் பாதிதான் திறந்தார். வரமுடியாது என்றார்.

"என் வீட்ல எத்தன தடவ தின்னிருப்பே! வெக்கமா இல்ல?" என்று எர்லீன் சத்தம் போட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. பழைய டிராஃபிக் ஃபைன் கட்டாம கெடக்கு. கோர்ட்டுக்குள்ள வந்தா என்னையும் புடிச்சு வெச்சுக்குவாங்களோன்னு பயமா இருக்கு."

எர்லீன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். டெனிஸிடம் பேசச் சொல்லி மையத்தின் நம்பரைக் கொடுத்தேன். ஒருவருக்கு ஷிப்டு, ஒருவருக்குத் தூரம், ஒருவருக்குப் பயம். ரெஜியை வேண்டாதவர்கள் யாரும் இல்லை. காலிப் பெஞ்சைப் பார்த்த நீதிபதிக்கு அது எப்படித் தெரியும்?

ஹியரிங் அன்று என் காரில் பல நடை அடித்தேன். பெஞ்சுகள் இரண்டு வரிசை நிறைந்தன. காலையில் கூப்பிடவேண்டிய வழக்கு, சாப்பாட்டு வேளைக்கு அப்புறம் என்று தள்ளிப்போனது. சிலர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அழைத்தவர்களைப் பட்டினி போடுவது எங்களுக்கு வழக்கமில்லை. டிக்கியில் டிரே டிரேயாக எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. பார்க்கிங்கில் வைத்துப் பரிமாறினேன்.

சர்ச் பெரியவர் ஒருவர் தட்டைக் கிளறிப் பார்த்தார். "சிக்கன் எங்கேம்மா?"

"ரெஜி வரட்டுங்க. சிக்கன் நான் ஆக்கிப் போடறேன்."

"அப்ப அவன் வர்ற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்," என்று இன்னும் கொஞ்சம் சாதம் வாங்கிக்கொண்டார். இரண்டு பேர் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. மற்றவர்கள் திரும்ப உள்ளே வந்தார்கள்.

வழக்கைக் கூப்பிட்டதும் டெனிஸ், ரெஜிக்காக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். இரண்டு வரிசையும் எழுந்தது. ரெஜி திரும்பிப் பார்த்தார், கண் கலங்கி உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீதிபதி பாமைக் காட்டி, நீங்கள் யார் என்று கேட்டார்.

"இவரோட மேனேஜருங்க. வேலைய அப்படியே வெச்சிருக்கோம். இவர் எங்கேன்னு பிள்ளைங்க கேக்குதுங்க."

அரசு வக்கீல் அப்போதும் மறுத்தார். நீதிபதி பேப்பரைப் புரட்டினார், மறுபடி பெஞ்சுகளைப் பார்த்தார். இருக்கும் இடத்தைக் காட்டும் மானிட்டரைக் காலில் கட்டிக்கொள்ளவேண்டும், ஒரு வாய்தாவும் தவறக்கூடாது என்று சொல்லி, பணம் கட்டாமலே வெளியே விட்டார். கோர்ட்டில் கைதட்டக் கூடாது. எர்லீன் என் கையைப் பிடித்து நெரித்துவிட்டார்.

ரெஜி எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கிச்சன் வேலையைப் பார்த்துக்கொண்டே எல்லா வாய்தாவுக்கும் வந்தார். கடைசியில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது.

எங்கள் மையத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆள் கூப்பிட நேரில் போங்கள். போன இடத்தில், சும்மா வந்து தலையைக் காட்டினால் போதும் என்று சொல்லாதீர்கள். எவ்வளவு நேரமாகும், என்ன நஷ்டம், தோற்றாலும் தோற்கலாம் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகும் வருகிறவர் லேசில் பாதியில் எழுந்து போகமாட்டார்.