கரண்ட் போனால்தான் தண்ணீர்

எங்கள் தெருவில் கரண்ட் போனால் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். மற்ற வீடுகளில் "ஐயோ, போயிடுச்சே!" என்று அலறும்போது நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் குழாய்க்கு ஓடுவேன். இந்தப் பெண்ணுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான தெருவின் கடைசி வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை. காலையில் நகராட்சித் தண்ணீர் திறந்துவிட்டதும் முதல் வீட்டிலிருந்து வரிசையாக மோட்டார்கள் உறும ஆரம்பிக்கும். நகராட்சிக் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோர் வீட்டிலும் மோட்டார் இருந்தது. எங்கள் வீட்டின் சொந்தக்காரர் அரியாங்குப்பத்தில் இருந்தார். வாடகை வாங்க வண்டியேறி வருவாரே தவிர, மோட்டார் என்றால் காது கேட்காது. ஆக, தெரு முழுக்க உறிஞ்சி முடித்த பிறகு எங்கள் குழாயில் வருவது வெறும் காற்றுதான். கரண்ட் போனால் மட்டும் மோட்டார்கள் வாயை மூடும். தண்ணீர் தன்பாட்டுக்கு நடந்து கடைசி வீடு வரைக்கும் வரும்.

கொல்லையில் அடிபம்பு இருந்தது. கடல் பக்கத்துத் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன், மகள் பிறக்கும் வரை. அவளுடைய துணிகளை அந்தத் தண்ணீரில் அலசியதில் குழந்தையின் தொடை இரண்டும் வெந்து சிவந்துவிட்டன. துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் வீல் என்று கத்துவாள். "மருந்து போட்டுப் பிரயோஜனமில்ல, முதல்ல நல்ல தண்ணில துணிய அலசும்மா" என்றார் டாக்டர். நல்ல தண்ணீருக்கு நான் எங்கே போவது? அக்கம்பக்கத்தில் கேட்டால் கொடுப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு குடம் தண்ணீரோடு இரண்டு குடம் புத்திமதியும் சேர்ந்து வரும்.

அந்தக் கோடையில்தான் எங்கள் தெரு சங்கத்துக்கு முன்னேற்பாட்டு வெறி பிடித்தது. சங்கத் தலைவர் முதல் வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. எதைப் பேசினாலும் 'அலோர்' என்று பிரெஞ்சில் ஆரம்பித்துத்தான் தமிழுக்கு வருவார். அவர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்கள். "அலோர், இந்த வருசம் மழை இல்ல. தண்ணி வர நேரத்துல கரண்ட் போனா நம்ம கதி என்னா? நாம தயாரா இருக்கணும்" என்றார். தயாராக இருப்பது என்றால் என்னவாம்? ஒரு ஜெனரேட்டர் வாங்கி எல்லா வீட்டு மோட்டாருக்கும் லைன் இழுப்பதாம்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஐயா, கரண்ட் இல்லாதப்பதான் எங்க வீட்டுக்குத் தண்ணியே வருது. எல்லாரும் மோட்டார நிறுத்தினா எல்லார் வீட்டுக்கும் வரும். ஜெனரேட்டரே வேணாம்."

கூட்டம் சிரித்தது. எதிர் வீட்டு அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "பச்ச ஒடம்புக்காரி, தூக்கமில்லாம என்னென்னவோ பேசுற" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தலைவர் மட்டும் பொறுமையாக, "பாரும்மா, இது கரண்ட் இல்லாத நேரத்துக்கு உண்டான ஏற்பாடு. உன் பிரச்சன வேற" என்று விளக்கினார்.

ஜெனரேட்டர் வந்தது. சத்தமும் புகையும் தன் வாசலில் வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டாரும் ஒதுங்கியதில், அது நகர்ந்து நகர்ந்து தெருக்கோடிக்கு வந்து எங்கள் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்தான் ஊரில் இல்லையே, யார் தடுக்கப் போகிறார்கள்? மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துப் பூசையும் நடந்தது. அதற்குப் பிறகு கரண்ட் போகவே இல்லை. இப்போது தெருவே என்னைப் போலக் கரண்ட் போகாதா என்று காத்துக் கிடந்தது. தலைவர் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு காலையில் நடைபோட்டார்.

ஒருவழியாகக் கரண்ட் போனது. விசில் ஒலித்தது, ஜெனரேட்டர் சன்னல் கம்பிகள் அதிரக் கிளம்பியது, மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக உறுமின. எங்கள் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டீசல் புகையில் குழந்தையும் இருமினாள். வெளியே கை தட்டினார்கள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு. கணவரிடம் சொன்னால், "கோவப்படாத, பேசிப் பாக்கலாம்" என்றார். இவர் பேசிப் பார்த்து எது நடந்திருக்கிறது?

அடுத்த முறை கரண்ட் போனபோது நான் முந்திக்கொண்டேன். சோப்பு போட்டு வைத்திருந்த குழந்தைத் துணிகளை அன்னக்கூடைப் பாத்திரத்தோடு தூக்கிவந்து ஜெனரேட்டரின் தலையில் வைத்தேன். முன்னால் முக்காலியைப் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

விசிலோடு ஓடிவந்தார் தலைவர். "அலோர், என்னாம்மா இது?"

"ரெண்டு குடம் ரொம்பட்டும்யா. இந்தத் துணிய அலசிக்கிறேன். அப்புறம் எழுந்துக்கிறேன்."

பின்னாலேயே தெரு கூடியது. ஆளுக்கொன்று பேசினார்கள். கைக்குழந்தைக்காரியைக் கையைப் பிடித்து இழுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அதற்குள் என் குழாயில் தண்ணீர் வந்து குடத்தில் விழத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எதிர் வீட்டு அக்கா தன் குழாயைப் போய்த் திறந்தார். தெருமுனையிலிருந்து தலைவரின் மனைவி கூவினார்: "இங்க வாங்க, மோட்டாரே இல்லாம வருதுங்க!"

எல்லா வீட்டு வாசலிலும் தண்ணீர். ஆளுக்கொரு வாளி, அண்டா, தவலை. அவசரமே இல்லாமல் நிரம்பிக்கொண்டிருந்தன. தலைவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் குழாயைப் பார்த்தார், தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். "அப்படின்னா..." என்று இழுத்தார். மனிதருக்குப் புரிந்துவிட்டது என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். ஒரு குடம் நிரம்பியிருந்தது. அதை அன்னக்கூடையில் ஊற்றிச் சோப்பைப் பிழிந்தேன். அலசுவதற்கு இன்னொரு குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.

கரண்ட் வந்துவிட்டது.

"வந்துடுச்சி!" என்று தெருவே சந்தோஷமாகக் கத்தியது. வாளிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே ஓடினார்கள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று மோட்டார்கள் உறுமின. என் குழாய்த் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது.

தலைவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "பாத்தியாம்மா, கரண்ட் வந்துடுச்சி. இனிமே உனக்கும் கவலயில்ல" என்று குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, தன் மோட்டாரைப் போட வேகமாக நடந்தார்.

அன்றும் துணிகளை உப்புத் தண்ணீரில்தான் அலசினேன்.